குதிரையில் வந்த கர்னல்: வில்பர்ஃபோர்ஸ் வீட்டு அருங்காட்சியகம் யாரைப் பற்றியது?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள உறவினர் வீட்டுக்குச் சென்று திரும்பிய ஒருவர், வில்பர்ஃபோர்ஸ் என்ற சிற்றூரில் ஒரு பழைய செங்கல் வீடு கறுப்பினக் குதிரைப்படை அதிகாரி ஒருவரின் நினைவிடமாகப் பேணப்படுவதைக் குறிப்பிட்டு, மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். அந்த அதிகாரி 497 மைல் குதிரையில் சென்றார் என்பது உண்மையா, அது எதற்காக? குதிரை வீரர் ஒருவரை அரசுப் பணியாளர் என்றும் போற்றுவது ஏன்? அவர் பெயருக்கு முன்னால் சில இடங்களில் கர்னல் என்றும் சில இடங்களில் பிரிகேடியர் ஜெனரல் என்றும் எழுதப்பட்டிருக்கிறதே, எது சரி?

அவர் குறிப்பிடும் மனிதர் சார்ல்ஸ் யங். வீட்டின் பெயர் யங்ஸ்ஹோம். 1907-ல் யங் அதை வாங்கினார். 1974-ல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2013 மார்ச் 25 அன்று அதிபர் ஒபாமா அதனை ‘சார்ல்ஸ் யங் பஃபலோ சோல்ஜர்ஸ் தேசிய நினைவிடம்’ என்ற பெயரில் தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் சேர்த்தார். அது அந்தத் துறையின் கைக்கு வந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் குதிரைப் பயணம்.

497 மைல் உண்மைதான், ஏறத்தாழ 800 கிலோமீட்டர். 1918 ஜூன் மாதம் வில்பர்ஃபோர்ஸிலிருந்து தலைநகர் வாஷிங்டனுக்கு யங் குதிரையில் சென்றார். 16 நாள் ஆயிற்று. அப்போது அவருக்கு வயது 54. ஒவ்வொரு மணி நேரத்திலும் 15 நிமிடம் தாம் இறங்கி நடந்ததாக அவரே எழுதி வைத்திருக்கிறார். பலரும் அந்த வரியைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பயணத்திலேயே முக்கியமானதாகத் தோன்றுவது அதுதான். தொலைதூரம் போகும் குதிரைப்படை கடைப்பிடிக்கும் ஒழுங்கு அது. மணிக்கணக்காக ஒரே இடத்தில் பாரம் அழுத்தினால் சேணத்துக்கு அடியில் குதிரையின் முதுகுத் தோலில் இரத்த ஓட்டம் தடைபட்டு, அந்த இடம் வீங்கிப் புண்ணாகும். சேணப்புண் வந்த குதிரையின் மேல் அடுத்த நாள் சேணமே போட முடியாது. ஆகவே அனுபவமுள்ளவன் சற்று நேரம் நடையில் விடுவான், சற்று நேரம் ஓட்டத்தில் விடுவான், பிறகு இறங்கிக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு குதிரையோடு தானும் நடப்பான். என் கணக்கில் மணிக்கு ஐந்தரை மைல் என்று வைத்தால், நாளொன்றுக்குச் சராசரியாக 31 மைல் கடக்க ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். அந்த 497 மைலில் எண்பது தொண்ணூறு மைலை அவர் கால்நடையாகவே கடந்திருக்க வேண்டும். ‘இவருடைய உடல் தாங்காது’ என்று கோப்பில் எழுதி வீட்டுக்கு அனுப்பப்பட்ட மனிதர், குதிரைக்குக் கொடுத்த ஓய்வைத் தமக்குக் கொடுத்துக்கொள்ளவில்லை.

எதற்காக இத்தனையும் என்றால், அதற்கு முந்தைய ஆண்டுக்குப் போக வேண்டும். 1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. படை பல மடங்கு பெருக இருந்த வேளை. பதவி உயர்வுகள் மளமளவென்று வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். லெப்டினன்ட் கர்னலாக இருந்த யங், அந்தப் படையின் கறுப்பின அதிகாரிகளிலேயே உயர்ந்த நிலையில் இருந்தவர். அடுத்தடுத்த உயர்வில் அவர் ஜெனரல் ஆவதற்கு வழியிருந்தது. ஜெனரல் ஆனால் வெள்ளை அதிகாரிகள் பலர் அவருக்குக் கீழே பணியாற்ற நேரும். பத்தாவது குதிரைப்படையிலிருந்த மிசிசிப்பி மாநிலத்து லெப்டினன்ட் ஒருவர், கறுப்பர் ஒருவரிடம் உத்தரவு வாங்க நேர்வதைப் பற்றித் தம் மாநிலத்து செனட்டர் ஜான் ஷார்ப் வில்லியம்ஸிடம் முறையிட்டார்; செனட்டர் அதிபர் உட்ரோ வில்சனிடம் கொண்டுபோனார்; வில்சன் அதைப் போர்த்துறைச் செயலர் நியூட்டன் பேக்கரிடம் அனுப்பினார். அந்த லெப்டினன்ட் ஒன்று தம் கடமையைச் செய்யட்டும், இல்லையேல் விலகட்டும் என்பதுதான் பேக்கரின் முதல் எண்ணம். ஆனால் உடல்நிலை காரணமாக யங் அந்தப் படைப்பிரிவுக்குத் திரும்பப்போவதில்லை என்ற செய்தி செனட்டருக்கு வில்சனிடமிருந்து போய்ச் சேர்ந்தது. பதவி உயர்வுக்கான வழக்கமான மருத்துவச் சோதனைக்காக யங் சான் ஃபிரான்சிஸ்கோ இராணுவ மருத்துவமனைக்குச் சென்றிருந்தார். இரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் இருப்பதாக மருத்துவர்கள் கண்டறிந்திருந்தனர். 1917 ஜூன் மாதம் கர்னல் என்ற உயர்வோடு அவருக்குக் கட்டாய ஓய்வு கொடுக்கப்பட்டது. உயர்வும் ஓய்வும் ஒரே உறையில் வந்தன என்று சொல்லலாம்.

யங்கைப் போற்றி எழுதுகிறவர்களில் சிலர் அந்த நோயே கட்டுக்கதை என்பதுபோல எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து அவர் இறந்ததும் சிறுநீரக நோயால்தான். மருத்துவர்கள் கண்டது உண்மை. அந்த உண்மையைத் தேவைப்பட்ட நேரத்தில் தேவைப்பட்டவர்கள் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டார்கள். அதே படை 1919-ல் இதே மனிதரை, காய்ச்சலுக்குப் பேர்போன மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் பணிக்கு அனுப்பத் தயங்கவில்லை என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 1917-ல் அவர்கள் கவலைப்பட்டது அவருடைய சிறுநீரகத்தைப் பற்றியா என்பது விளங்கும். நோய் இல்லவே இல்லை என்று சாதிக்கப் போனால், வலுவான வாதத்தைக் கைவிட்டுப் பலவீனமான வாதத்தைப் பிடித்துக்கொண்டதாகிவிடும்.

பயணத்தின் விளைவையும் சொல்லிவிட வேண்டும். யங் வாஷிங்டன் போய்ச் சேர்ந்தார், பேக்கரைச் சந்தித்தார், தம்மைப் போர்ப் பணிக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி கேட்டார். போர்முனை கிடைக்கவில்லை. 1918 நவம்பர் 6 அன்றுதான் அவரைப் பணிக்கு அழைத்தார்கள், அதுவும் இல்லினாய் மாநிலத்துக் கேம்ப் கிராண்ட் முகாமுக்கு. நவம்பர் 11 அன்று போர் முடிந்தது. அதாவது அந்தக் குதிரைப் பயணம் தான் நாடிய காரியத்தைச் சாதிக்கவில்லை. ஒரு காட்சிக்கூடம் இதை எப்படிச் சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். ‘தம் உடல் வலிமையை நாட்டுக்கு நிரூபித்தார்’ என்று முடித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டால், அங்கே பாதிதான் சொல்லப்பட்டிருக்கிறது. நிரூபித்தார்; நிரூபணத்தைக் கேட்க வேண்டியவர்கள் ஐந்து மாதம் காத்திருந்து, போர் முடிகிற வாரத்தில் கேட்டார்கள்.

இனி இரண்டாவது கேள்வி. குதிரை வீரர், அரசுப் பணியாளர் என்று இரண்டு பட்டங்களாகப் பிரித்துச் சொல்வதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. யங்கின் காலத்தில் மலைக்காட்டைக் காப்பதும், வழி அளப்பதும், நிலப்படம் வரைவதும், தொலைவிலிருக்கும் ஊரைப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவதும் சேணத்தின் மேல் அமர்ந்து செய்த வேலைகள். இன்று ஒரு வட்டாட்சியருக்கு ஜீப் எப்படியோ, அவருக்குக் குதிரை அப்படி. இதற்கு மிகத் தெளிவான சான்று 1903-ஆம் ஆண்டின் கோடை. ஆனால் அதற்குமுன் அவர் அங்கே எப்படி வந்து சேர்ந்தார் என்பதைச் சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும்.

1864 மார்ச் 12 அன்று கென்டக்கி மாநிலத்தில் மேஸ் லிக் என்ற ஊருக்கருகே அடிமைகளாக இருந்த பெற்றோருக்கு யங் பிறந்தார். தந்தை கேப்ரியல் யங் அடிமைத்தளையிலிருந்து தப்பி, 1865-ல், உள்நாட்டுப் போரில் வடமாநிலங்களின் படையாக இருந்த ஒன்றியப் படையின் கறுப்பினப் பீரங்கிப் பிரிவில் சேர்ந்தார். பிறகு குடும்பம் ஒஹாயோ ஆற்றைத் தாண்டி ரிப்ளி என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. தப்பி வரும் அடிமைகளுக்குப் புகலிடமாக முன்பே பெயர்பெற்ற ஊர் அது; குன்றின் மேலிருந்த ஒரு பாதிரியார் வீட்டுச் சாளர விளக்கு ஆற்றின் அக்கரையிலிருந்து தெரியும் என்பார்கள். வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து படித்த பள்ளியில் யங் 1881-ல் தேறினார்; சில காலம் ஆசிரியராக இருந்தார்; 1884-ல் வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரிக்குத் தேர்வானார். கணிதத்தில் தவறி முதலாண்டை மறுபடியும் படித்தார். இறுதியில் பொறியியல் பாடத்திலும் தடுமாற்றம். மறுதேர்வு எழுதி 1889 ஆகஸ்டில் வகுப்பின் கடைசி மாணவராகத் தேறினார். சக மாணவர்கள் பேச மறுத்த ஒருவர் ஐந்தாண்டு அங்கே தாக்குப்பிடித்தார் என்பதைத் தெரிந்துகொண்டால் அந்தக் கடைசி இடத்தின் மதிப்பு வேறாகத் தெரியும். அந்தக் கல்லூரியில் தேறிய மூன்றாவது கறுப்பினத்தவர் அவர். அவருக்குப் பின் நான்காமவர் தேற 1936 வரை, 47 ஆண்டுகள் ஆயின. அந்த நான்காமவரான பெஞ்சமின் டேவிஸ் இளையவரின் தந்தை, யூட்டா மாநிலத்து டூஷேன் கோட்டையில் படைவீரராக இருந்தபோது, அதிகாரித் தேர்வுக்கு அவரைத் தயார்செய்து ஊக்குவித்தவர் யங்தான். தந்தை டேவிஸ் 1940-ல் அமெரிக்கத் தரைப்படையின் முதல் கறுப்பின ஜெனரல் ஆனார். யங்குக்கு மறுக்கப்பட்ட இடத்தில் அவருடைய மாணவர் போய் அமர்ந்தார்.

யங் பணியாற்றிய ஒன்பதாவது, பத்தாவது குதிரைப்படைப் பிரிவுகள் 1866-ல் கறுப்பின வீரர்களைக் கொண்டு உருவாக்கப்பட்டவை. மேற்குப் பகுதியின் பூர்வகுடிகள் அவர்களைப் ‘பஃபலோ வீரர்கள்’ என்று அழைத்ததாகச் சொல்வது வழக்கம். அவர்களுடைய சுருண்ட முடி காட்டெருமையின் பிடரியை ஒத்திருந்ததால் என்பார் ஒருசாரார், அவர்கள் போரிட்ட விதத்தால் என்பார் மறுசாரார். தாங்களே அடிமைத்தனத்திலிருந்து அண்மையில் மீண்டவர்கள், வேறொரு மக்களை அவர்களுடைய நிலத்திலிருந்து அகற்றும் வேலைக்கு அனுப்பப்பட்டார்கள் என்ற கசப்பு அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. நினைவிடத்தின் பெயரில் அந்தச் சொல் இடம்பெற்றிருப்பதால், பார்வையாளருக்கு அந்தக் கசப்பும் தெரிந்திருப்பது நல்லது.

1903-ல் யங் ஒன்பதாவது குதிரைப்படையின் கேப்டன், சான் ஃபிரான்சிஸ்கோவின் பிரசிடியோ முகாமில் இருந்தார். தேசியப் பூங்காத் துறை 1916-ல்தான் பிறந்தது. அதுவரை கலிஃபோர்னியாவின் பூங்காக்களைக் கோடைதோறும் இராணுவமே காத்துவந்தது. அந்த ஆண்டு செக்கோயா பூங்காவும் ஜெனரல் கிராண்ட் பூங்காவும் யங்கின் பொறுப்புக்கு வந்தன. தற்காலிகக் கண்காணிப்பாளர் என்பது பதவியின் பெயர். தேசியப் பூங்கா ஒன்றுக்குப் பொறுப்பேற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். தம் படையினருடன் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து அங்கே போய்ச் சேர 16 நாள் குதிரைப் பயணம். பதினைந்து ஆண்டுகள் கழித்து வாஷிங்டனுக்குப் போனபோதும் 16 நாள்தான் என்பது தற்செயலான ஒற்றுமை. ஆனால் அத்தகைய பயணம் அவருக்கு அலுவலகம் போவதுபோன்ற பழக்கம் என்பதை அது காட்டுகிறது.

அங்கே அவருக்காகக் காத்திருந்த வேலை ஒரு சாலை. செக்கோயாவின் உயிர்நாடி ஜயன்ட் ஃபாரஸ்ட் என்ற பெருமரக் காடு. 80 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஜெனரல் ஷெர்மன் மரம் அங்கேதான் இருக்கிறது. அடிமரத்தின் கன அளவில் உலகிலேயே பெரிய மரம் அது. ஆனால் காடு மலையுச்சியில்; வண்டி போக வழியில்லை. கவேயா குடியிருப்பு என்ற பொதுவுடைமைக் குழுவினர் 1880-களில் மரம் இறக்குவதற்காக அடிவாரத்திலிருந்து ஒரு பாதை வெட்டத் தொடங்கி, பாதி மலைவரை கொண்டுவந்திருந்தனர். 1890-ல் பூங்கா அறிவிக்கப்பட்டதும் அவர்களுடைய உரிமை போயிற்று, பாதை அந்தரத்தில் நின்றது. (தங்கள் கையால் மலையைக் குடைந்தவர்களுக்கு ஈடாக ஒன்றும் கிடைக்கவில்லை என்பது இன்னொரு தனிக் கதை.) பாதையை மேலே நீட்ட அரசு பணம் ஒதுக்கியது, இராணுவக் கண்காணிப்பாளர்கள் ஆண்டுக்கொருவராக வந்துபோனார்கள், வேலை ஆமை வேகத்தில் நகர்ந்தது.

யங் வந்தவுடன் வேலையை முடுக்கினார். அவருடைய படையினரும் கூலிக்கு அமர்த்தப்பட்ட உள்ளூர் ஆட்களும் சேர்ந்து, முந்தைய மூன்று கோடைகளில் போட்ட தூரத்தை ஒரே கோடையில் போட்டார்கள். ஆகஸ்டு நடுவில் பாதை காட்டை எட்டியது. மலைமேலிருந்த அந்தப் பெருமரங்களுக்கு அடியில் முதன்முறையாகக் குதிரை வண்டி வந்து நின்றது. அங்கிருந்து மோரோ பாறையின் அடிவாரம்வரை பாதையை நீட்டினார். மலைச்சாலை வேலையின் தன்மை தெரிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும்: சரிவை வண்டி மாடும் குதிரையும் மூச்சுவாங்காமல் ஏறும் அளவுக்கு மட்டுப்படுத்த வேண்டும், மழைநீர் பாதையை அரித்துக்கொண்டு போகாமல் உட்பக்கம் வடிகால் விட வேண்டும், உருண்டு வரும் பாறையைத் தடுக்க மேற்புறம் செதுக்க வேண்டும். வெஸ்ட் பாயின்ட்டில் பொறியியலில் தவறியவர் போட்ட சாலைதான், 1926-ல் ஜெனரல்ஸ் நெடுஞ்சாலை திறக்கும்வரை அந்தக் காட்டுக்கு முதன்மை வழியாக இருந்தது. இன்றும் அதன் ஒரு பகுதியில் நடந்து போகலாம்.

சாலையோடு அவர் நிற்கவில்லை. பூங்காவின் எல்லைக்குள் தனியார் நிலங்கள் திட்டுத்திட்டாக இருந்தன. அவற்றின் உடைமையாளர்கள் நினைத்தால் மரத்தை வெட்டலாம், வேலி போடலாம், விடுதி கட்டலாம். யங் அவர்களோடு பேசி, இன்ன விலைக்கு அரசுக்கு விற்கச் சம்மதம் என்ற உடன்பாட்டை வாங்கி, நிலத்தை வாங்கும்படி மேலிடத்துக்குப் பரிந்துரைத்தார். மேலிடம் அசையவில்லை. 1916-ல்தான், நாடாளுமன்றம் ஒதுக்கிய 50,000 டாலரோடு நேஷனல் ஜியோகிரஃபிக் சங்கம் 20,000 டாலர் சேர்த்துக்கொடுக்க, ஜயன்ட் ஃபாரஸ்டின் முக்கியமான தனியார் நிலம் அரசின் கைக்கு வந்தது. என்னைக் கேட்டால் சாலையைவிடப் பெரிய தொலைநோக்கு இந்தப் பரிந்துரைதான். ஆனால் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காட்ட அதில் ஒன்றுமில்லை. கடிதமும் கணக்கும் தவிர. அரசுப் பணியின் இயல்பே அதுதானே. சேணத்தையும் வாளையும் பார்த்துவிட்டு நகர்கிற கண், பொடி எழுத்து அறிக்கையின் முன்னால் நிற்பதில்லை.

அந்தக் கோடையில்தான் ஒரு பெருமரத்துக்குப் பெயர் வைக்கும் பேச்சு எழுந்தது. யங்கின் பெயரையே வைக்கலாம் என்றபோது அவர் மறுத்து, கறுப்பினக் கல்வியாளர் புக்கர் வாஷிங்டனின் பெயரைச் சூட்டச் செய்தார். இருபது ஆண்டு கழித்தும் என் நினைவு உங்களுக்கு இருந்தால் அப்போது வையுங்கள் என்றார். 2004-ல் ஒரு மரத்துக்குக் கர்னல் யங்கின் பெயர் வைக்கப்பட்டது. செக்கோயா மரத்துக்கு நூறாண்டு என்பது ஒரு மதியத் தூக்கம்.

தேசியப் பூங்காத் துறையின் வசம் இந்த வீடு வந்ததில் ஒரு பொருத்தம் உண்டு என்று மேலே சொன்னது இதனால்தான். அந்தத் துறை பிறப்பதற்கு 13 ஆண்டுகள் முன்பே அதன் வேலையைச் செய்தவரின் வீட்டை அது இப்போது காத்துவருகிறது. பூங்காக் காவலர்கள் இன்று அணியும் அகன்ற விளிம்புத் தொப்பிகூட, நான்கு பக்கமும் அமுக்கி மழைநீர் வழிவதற்கு வாகாக அந்தக் காலக் குதிரைப்படையினர் மடித்து அணிந்த தொப்பியின் வழிவந்தது.

பிற பணிகளை விரைவாகவே சொல்கிறேன். 1894 முதல் வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்தில் இராணுவப் பாடம் நடத்தினார். அங்கே உடன் பணியாற்றிய அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸுடன் வாழ்நாள் நட்பு ஏற்பட்டது. 1904-ல் ஹெய்ட்டிக்கு இராணுவப் பிரதிநிதியாக அனுப்பப்பட்டார்; அந்தப் பதவி வகித்த முதல் கறுப்பின அமெரிக்கர் அவர். அங்கும் குதிரையேறி நாட்டின் உட்பகுதிகளைச் சுற்றி நிலப்படங்கள் வரைந்து அனுப்பினார். 1915-ல் அமெரிக்கா ஹெய்ட்டியைப் படையெடுத்துப் பிடித்து 1934 வரை விடாமல் வைத்திருந்தது. இராணுவப் பிரதிநிதி அனுப்பும் நிலப்படங்கள் எதற்குப் பயன்படும் என்ற கேள்வியை, உலகின் முதல் கறுப்பினக் குடியரசில் பணியாற்றிய கறுப்பின அதிகாரியின் கதையில் ஒதுக்கிவைக்க முடியாது. 1912 முதல் லைபீரியாவில் அந்நாட்டு எல்லைப் படையைச் சீரமைத்தார். உள்நாட்டில் சிக்கிக்கொண்ட அதிகாரி ஒருவரை மீட்கப் போய்க் கையில் குண்டடி பட்டார். மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலும் கண்டது. இந்தப் பணிக்காக 1916-ல் கறுப்பினத்தவர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் அவருக்கு ஸ்பிங்கார்ன் பதக்கம் அளித்தது.

அதே 1916-ல், மெக்சிகோப் புரட்சித் தலைவர் பாஞ்சோ வில்லாவைத் தேடி மெக்சிகோவுக்குள் சென்ற படையில் பத்தாவது குதிரைப்படையின் ஒரு பிரிவுக்கு யங் தலைமை தாங்கினார். ஏப்ரல் 1 அன்று அகுவா காலியென்டே என்ற இடத்தில் கைத்துப்பாக்கியோடு குதிரையில் பாய்ந்து எதிரியைச் சிதறடித்தார்; தம் தரப்பில் ஓர் உயிரையும் இழக்கவில்லை. பதினோரு நாள் கழித்து, பர்ரால் என்ற ஊருக்கருகே சுற்றிவளைக்கப்பட்டிருந்த மேஜர் டாம்ப்கின்ஸின் வெள்ளையர் பிரிவைக் காக்க விரைந்தார். தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்த கறுப்பின வீரர்களைக் கண்ட மகிழ்ச்சியில், இவர்கள் ஒவ்வொருவரையும் முத்தமிடலாம் போலிருக்கிறது என்று டாம்ப்கின்ஸ் சொன்னதாகவும், அப்படியானால் என்னிலிருந்து தொடங்கலாம் என்று யங் பதிலளித்ததாகவும் ஒரு கதை உண்டு. சொல்லுக்குச் சொல் அப்படியே நடந்ததோ இல்லையோ, ஓராண்டுக்குள் அவருடைய உடல் குதிரைப்படைக்கு லாயக்கற்றது என்று முடிவுகட்டப்பட்டதை நினைக்கும்போது அந்தக் கதை வேறு தொனியில் ஒலிக்கிறது.

வீட்டைப் பற்றிச் சில வார்த்தைகள். அடிமைகள் தப்பிச் செல்லும் வழியில் அது ஒரு தங்குமிடமாக இருந்தது என்று சொல்லப்படுகிறது. அங்கே யங் மனைவி ஏடா, மகன் சார்ல்ஸ் நோயெல், மகள் மரி ஆகியோருடன் வாழ்ந்தார். இசைக்கருவிகள் வாசித்தார், பாடல்கள் இயற்றினார், பல மொழிகள் படித்தார். பணி அவரை மணிலா, போர்ட்டோ பிரின்ஸ், மன்ரோவியா என்று அலைக்கழித்ததால், அந்த வீட்டில் அவர் தொடர்ந்து வாழ்ந்த காலம் குறைவு. கட்டாய ஓய்வு அவரை அந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பியது. 1918-ல் சேணம் பூட்டிக் கிளம்பியதும் அந்த வாசலிலிருந்துதான். சிறிய ஊரின் அருங்காட்சியகம் பெரிய நகரத்தின் கூடத்தைவிட ஒரு விஷயத்தில் மேலானது என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்: வாஷிங்டனில் எந்தக் கட்டடத்திலும் 497 மைலின் முதல் அடியில் நிற்க முடியாது.

1919-ல் மறுபடியும் லைபீரியாவுக்கு அனுப்பப்பட்ட யங், நைஜீரியாவுக்குச் சென்றிருந்தபோது நோய் முற்றி, 1922 ஜனவரி 8 அன்று லாகோஸ் மருத்துவமனையில் இறந்தார். பிரிட்டிஷார் அவரை அங்கேயே இராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தனர். ஓராண்டுக்குப் பிறகு உடல் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, 1923 ஜூன் 1 அன்று ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தின் நினைவு அரங்கில் இறுதிச் சடங்கு நடந்தது. அவருடைய வாழ்க்கையைத் துயரத்தின் வெற்றி என்ற பொருள்பட டுபாய்ஸ் எழுதினார்.

மூன்றாவது கேள்விக்கு விடை எளிது. யங் உயிரோடிருந்தபோது எட்டிய பதவி கர்னல். அதுவும் ஓய்வோடு சேர்ந்து வந்த கர்னல். பிரிகேடியர் ஜெனரல் என்பது அவர் இறந்து நூறாண்டு கழித்து அமெரிக்க அரசு வழங்கிய மதிப்புறு பதவி. 2022 ஏப்ரல் 29 அன்று, அவர் கடைசி மாணவராகத் தேறிய அதே வெஸ்ட் பாயின்ட்டில் விழா நடந்தது. எனவே 1922-க்கு முந்தைய நிகழ்ச்சியைப் பற்றிய குறிப்பில் ‘ஜெனரல் யங் சாலை போட்டார்’ என்று எழுதினால் அது பிழை. 1903-ல் அவர் கேப்டன், 1916-ல் மேஜராகவும் பிறகு லெப்டினன்ட் கர்னலாகவும் இருந்தார், 1918-ல் குதிரையேறியபோது கர்னல். பெயர்ப்பலகையில் இரண்டு பதவிகளையும் போடுவதானால் ஆண்டுகளையும் சேர்த்துப் போட வேண்டும்: கர்னல், 1917, பிரிகேடியர் ஜெனரல், 2022. இடையிலுள்ள 105 ஆண்டுகளைப் பார்வையாளர் தாமே கழித்துப் பார்த்துக்கொள்வார்.